ஷட்டர்தான் பழுதா? கேமராவைப் பிரிக்கும் முன் செய்து பார்க்க வேண்டியவை

படத்தில் பாதி கறுப்பாக வந்ததுமே ஷட்டர் (வெளிச்சத்தை ஒரு கணம் உள்ளே விட்டு மூடும் இரட்டைத் திரை) போச்சு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் மட்டும் கறுப்புப் பட்டை இருந்தால், அநேகமாக ஃபிளாஷ் சிங்க் வேகத்தை, அதாவது ஃபிளாஷோடு எடுக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகத்தைத் தாண்டி எடுத்திருப்பீர்கள். பென்டாக்ஸ் கே1000-இல் அந்த வேகம் 1/60 நொடி, நிகான் எஃப்எம்-இல் 1/125, இப்போதைய டிஎஸ்எல்ஆர் பலவற்றில் 1/200 அல்லது 1/250. அதற்கு மேல் போனால் ஃபிரேம் எந்தக் கணத்திலும் முழுதாகத் திறக்காது, இரண்டு திரைகளுக்கு நடுவே ஒரு கீற்று மட்டும் நகர்ந்து போகும், ஃபிளாஷ் அந்தக் கீற்றில்தான் விழும். இது பழுதே இல்லை.

ஃபிளாஷ் இல்லாமலும் வருகிறதா? ஃபிலிம் கேமரா என்றால் உள்ளே ஃபிலிம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பின்மூடியைத் திறங்கள். லென்ஸைக் கழற்றிவிட்டு, வெளிச்சமான வெள்ளைச் சுவரை நோக்கிப் பிடித்து, பின்னாலிருந்து பார்த்தபடி 1/1000-இல் தட்டுங்கள். முழுச் செவ்வகமும் ஒரே சீராக மின்ன வேண்டும். ஒரு ஓரம் மங்கலாகவோ இருட்டாகவோ தெரிந்தால் இரண்டாவது திரை முதல் திரையை எட்டிப் பிடிக்கிறது. உள்ளே மசகு காய்ந்திருக்கும், இல்லையென்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். கே1000 மாதிரி துணித்திரை பக்கவாட்டில் ஓடும் கேமராக்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். 1/250-இல் சரியாக இருந்து 1/1000-இல் மட்டும் வந்தால், சர்வீஸ் ஆகும் வரை வேகத்தைக் குறைத்து வைத்தே எடுக்கலாம்.

மெதுவான வேகங்களுக்குக் காதே போதும். 1 நொடியில் வைத்துத் தட்டினால் உள்ளே பல்சக்கரங்கள் சீராக ஓடும் சத்தம் வரும். பாதியில் திணறினாலோ, திறந்தபடி நின்றுவிட்டாலோ அங்கே பழைய கிரீஸ் இறுகிவிட்டது. துல்லியமாக அளக்க, போனில் நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் வீடியோ எடுங்கள். 1/30 என்றால் சுமார் 8 ஃபிரேமில் வெளிச்சம் தெரிய வேண்டும், 1/60 என்றால் 4. அதற்கு மேல் இந்த முறையை நம்ப முடியாது. 1/1000 என்று போட்டிருக்கும் பழைய ஷட்டர் 1/700-இல் ஓடினால் வித்தியாசம் அரை ஸ்டாப்தான் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு), நெகட்டிவ் ஃபிலிம் அதைத் தாங்கிக்கொள்ளும், ஸ்லைடு ஃபிலிம் தாங்காது.

துணித்திரையில் ஓட்டை இருக்கிறதா என்று இருட்டறையில் டார்ச் அடித்துப் பாருங்கள். லென்ஸுக்கும் திரைக்கும் நடுவே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை லென்ஸ் மூடி போடாமல் வெயிலில் வைத்தால் லென்ஸ் சூரியனைத் திரைமேல் குவித்துப் பொசுக்கிவிடும்.

கேனான் ஏஇ-1 தட்டவே மாட்டேன் என்கிறதா, முதலில் 6 வோல்ட் பேட்டரியை மாற்றுங்கள், அது இல்லாமல் அந்த ஷட்டர் வேலை செய்யாது. கே1000-க்கு லைட்மீட்டருக்கு மட்டும்தான் பேட்டரி, அதனால் அங்கே தட்டவில்லை என்றால் பழுது இயந்திரத்தில்.

சரி, டிஜிட்டலுக்கு வருவோம். மிரர்லெஸ் கேமராவில் எலக்ட்ரானிக் ஷட்டர் (திரை ஓடாமல் சென்சாரே படத்தைப் பதிவது) இருந்தால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். ஒரே காட்சியை, ஒரே செட்டிங்கில், மெக்கானிக்கலில் ஒன்று, எலக்ட்ரானிக்கில் ஒன்று எடுங்கள். மெக்கானிக்கலில் மட்டும் கெட்டால் ஷட்டர்தான் காரணம். இரண்டிலும் கெட்டால் லென்ஸையோ சென்சாரையோ பாருங்கள். எலக்ட்ரானிக்கில் மட்டும் கோடு கோடாக வந்தால் அது விளக்கின் வேலை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எல்இடி பலவும் நொடிக்கு 100 முறை துடிக்கும், 1/50 அல்லது 1/100 வைத்தால் கோடு மறையும்.

படம் வெளுத்துப் போவதும் எப்போதும் ஷட்டரால் இல்லை. அபர்ச்சரை (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரம்) முழுக்கத் திறந்து எடுத்தால் சரியாக வந்து, எஃப் 8 மாதிரி சுருக்கிய அபர்ச்சரில் மட்டும் வெளுத்தால், லென்ஸின் அபர்ச்சர் இதழ்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கேனானில் எர்ரர் 30 வந்தால் ஷட்டரைச் சந்தேகிக்கலாம், எர்ரர் 01 வந்தால் முதலில் லென்ஸின் தொடுமுனைகளைத் துடையுங்கள்.

இதில் எதைச் செய்தாலும் ஷட்டர் தகடுகளில் விரல் படக்கூடாது, கம்ப்ரஸ்டு ஏர் அடிக்கக்கூடாது, எண்ணெய் விடவே கூடாது. டிஜிட்டலில் ஒரு தகடு வளைந்தாலும் பெரும்பாலும் முழு யூனிட்டையும் மாற்ற வேண்டிவரும், பழைய கேமராவில் அந்தச் செலவு கேமராவின் விலையையே தாண்டிவிடலாம், அதனால் விலை கேட்டுவிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள்.