ஃபுட்பால் மேனேஜர்: முதல் சீசனை ஓட்டுவது எப்படி?

இது ஒரு கம்ப்யூட்டர் கேம். ஆனால் இதில் பந்தை நீங்கள் உதைக்க மாட்டீர்கள். ஆளை வாங்கி, சம்பளம் பேசி, ஆட்டத்துக்கு யாரை இறக்குவது என்று முடிவெடுத்து, தோற்றால் திட்டு வாங்குவதுதான் உங்கள் வேலை. 1992ல் இங்கிலாந்தில் காலியர் சகோதரர்கள் ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’ என்று ஆரம்பித்தது, 2004 முதல் ‘ஃபுட்பால் மேனேஜர்’ என்ற பெயரில் வருகிறது.

முதலில் ஒரே ஒரு நாட்டின் லீகை மட்டும் தேர்ந்தெடுங்கள். நான் ஆசைப்பட்டு ஆறு நாடுகளை டிக் செய்தேன். வேலூர் மே மாத வெயிலில் லேப்டாப் ஃபேன் மாவு மில் மாதிரி இரைந்தது. காட்பாடி ஸ்டேஷன் பக்கம் போய் டீ குடித்துவிட்டு வந்தும் லோடிங் முடியவில்லை.

அடுத்து கிளப். அட்டவணையின் நடுவில் இருக்கும் அணியே நல்லது. பெரிய கிளப்பில் பொறுமை குறைவு, வேலை போய்விடும்.

இப்போது டாக்டிக்ஸ், அதாவது ஆட்ட வியூகம். பலர் கவிழ்வது இங்கேதான். பெயர் கவர்ச்சியாக இருக்கிறதே என்று உடனே ‘கெகன்பிரஸ்’ போடாதீர்கள். பந்து பறிபோன நொடியே பாய்ந்து மீட்க வேண்டிய பாணி அது. அணியில் ஒவ்வொருவரின் பக்கத்தையும் திறந்து பாருங்கள். திறமை எல்லாம் 1 முதல் 20 வரை எண்ணாக இருக்கும். ஸ்டாமினா (தாக்குப்பிடிக்கும் சக்தி), வொர்க் ரேட் (ஓடி உழைக்கும் குணம்) இரண்டும் 9, 10 என்று கிடந்தால் எழுபதாவது நிமிடத்தில் எல்லோருக்கும் மூச்சு வாங்கும். கோல் போட வேண்டிய ஸ்ட்ரைக்கருக்கு ஃபினிஷிங் (கோலாக முடிக்கும் திறன்) 15 இருந்தும் கம்போஷர் (நிதானம்) 7 என்றால், கோல்கீப்பர் எதிரே வரும்போது பதறுவான். சரி, ஆளுக்கேற்ற ஆட்டம் போடுங்கள்.

ஆள் வாங்குவது? நேதாஜி மார்க்கெட்டில் கத்திரிக்காய்க்குச் சொன்ன விலையையா கொடுக்கிறோம்? குறைத்துக் கேளுங்கள், பாதியைத் தவணையில் தருவதாகச் சொல்லுங்கள். ஆனால் வாங்கும் விலையைவிட வாராவாரம் போகும் சம்பளம்தான் கழுத்தைப் பிடிக்கும். அதை முதலில் கணக்குப் போடுங்கள்.

பயிற்சி, பத்திரிகையாளர் சந்திப்பு எல்லாம் உதவியாளர் தலையில் கட்டிவிடலாம்.

அப்புறம், ஆட்டம் தானாகவே சேவ் ஆகும் ‘ஆட்டோசேவ்’ வசதியை வாரத்துக்கு ஒருமுறை என்று வையுங்கள். என் லேப்டாப்பில் பேட்டரி செத்துவிட்டது. கோப்பை இறுதிப் போட்டியில் ஜெயித்து, சேவ் செய்வதற்குள் கரண்ட் போனது. திரும்ப ஆடியபோது 0-2.