ரிவெர்ப் நின்றுபோனால் வால்வைக் கழற்றுவதற்கு முன்

ட்யூப் ஆம்பில், அதாவது வால்வு போட்ட கிட்டார் ஆம்பில், ரிவெர்ப் என்கிற எதிரொலி வரவில்லை என்றதும் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: “எந்த வால்வை மாத்தணும்?” வால்வு அப்புறம். கோளாறு, சிக்னல் ரிவெர்ப் ஸ்பிரிங்குக்குப் போகிற வழியில் இருக்கிறதா, திரும்பி வருகிற வழியில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கு ஸ்க்ரூடிரைவர்கூடத் தேவையில்லை.

ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்பை வைத்தே சொல்கிறேன். 1963இல் வந்த ஆம்ப் அது. அதன் ஏபி763 சர்க்யூட்டைத் தெரிந்துகொண்டால் ட்வின் ரிவெர்ப், சூப்பர் ரிவெர்ப் எல்லாம் பாதி புரிந்த மாதிரி. கிட்டார் சிக்னலில் ஒரு பங்கு பிரிந்து 12ஏடி7 வால்வுக்குப் போகிறது. அந்த வால்வு ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக டேங்கின், அதாவது ஸ்பிரிங் உள்ள நீளமான தகரப் பெட்டியின், ஒரு முனையில் இருக்கிற காயிலை ஓட்டுகிறது. காயில் ஸ்பிரிங்கை முறுக்கி ஆட்ட, அந்த அதிர்வு மறுமுனைக் காயிலில் மிகச் சன்னமான மின்சாரமாக மாறுகிறது. அதை 12ஏஎக்ஸ்7இன் ஒரு பாதி பெருக்கி, நேராக வந்த ஒலியோடு சேர்க்கிறது. ஸ்பிரிங் வரைக்கும் போகிற பாதி, அதற்குப் பின் திரும்புகிற பாதி. அவ்வளவுதான்.

இரண்டு சாதாரண விஷயங்களை முதலில் முடித்துவிடுங்கள். டீலக்ஸ் ரிவெர்பில் நார்மல் சேனலுக்கு ரிவெர்ப் கிடையாது. கிட்டார் வைப்ராட்டோ சேனலில்தான் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஃபுட்ஸ்விட்ச். அதன் வேலை ரிவெர்ப் சிக்னலை எர்த்துக்கு இறக்கி ஊமையாக்குவது. அதன் ஒயர் உள்ளே ஷார்ட் ஆனாலும் அதே விளைவுதான். பின்னால் இருந்து பிடுங்கிவிட்டு வாசியுங்கள். ஃபுட்ஸ்விட்ச் இல்லாவிட்டால் ரிவெர்ப் எப்போதும் ஆனில்தான் இருக்கும்.

இப்போது சோதனை. கிட்டார் வேண்டாம். சேனல் வால்யூமை 0இல் வைத்து, ரிவெர்பை 5 வரை ஏற்றி, ஆம்பின் ஒரு பக்கத்தை ஒரு விரல் உயரம் தூக்கி மெல்ல விடுங்கள். திரும்பும் சிக்னல் வால்யூமுக்குப் பிறகுதான் சேர்கிறது. அதனால் வால்யூம் 0இல் இருந்தாலும் கேட்கும். தகரக் கூரையில் இடி விழுந்த மாதிரி ‘டமார்ர்’ என்று வந்தால் நல்ல செய்தி: ஸ்பிரிங், வெளிவரும் காயில், திரும்பும் கேபிள், 12ஏஎக்ஸ்7, ரிவெர்ப் பாட் (ரிவெர்ப் அளவைத் திருகும் குமிழ்) எல்லாமே சரி. கோளாறு போகிற பாதியில். சத்தமே இல்லை என்றால் திரும்புகிற பாதியில்.

நான் பார்த்த ஆம்ப்களில் பெரும்பாலும் திரும்புகிற பாதிதான். சென்னை பெசன்ட் நகரில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி என் வீடு. இந்தப் பக்கத்து உப்புக் காற்று எந்த உலோகத்தையும் விடாது. ஒரு நண்பர் இரண்டு வால்வு மாற்றி, புது டேங்கும் வாங்கிப் போட்டுப் பார்த்து, சலித்துப்போய்த் தன் ஆம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். டேங்கின் வெளிவரும் முனையிலிருந்து ஆர்சிஏ பிளக்கை உருவி, அதன் நுனியை விரலால் தொட்டேன். திரும்பும் வழி உயிரோடு இருந்தால் ‘ம்ம்ம்’ என்று ஹம் வர வேண்டும். வரவில்லை. கேபிளின் மறுமுனையை ஆம்பிலிருந்து பிடுங்கி, அந்த ஜாக்கின் நடுத் துளையில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, அதன் இரும்பை விரலால் தொட்டேன். ஹம் வந்தது. ஆக, வால்வு நன்றாகவே இருக்கிறது, கேபிள்தான். டேபிள் விளக்கில் பிளக்கைத் திருப்பிப் பார்த்தால், வெளிவளையத்துக்குள் பச்சைக் களிம்பு. நடு ஒயர் பின்னுக்குள் ஒட்டாமல் சும்மா நின்றது. ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு ஷீல்டு கேபிளைப் போட்டதும் ஆம்ப் பாடியது. அன்றிலிருந்து கேபிளை மாற்றிப் பார்க்காமல் வேறு எதையும் கழற்றுவதில்லை.

கேபிள் சரி என்றால் டேங்கை அளந்து பாருங்கள். ஆம்பை அணைத்து, இரண்டு பிளக்கையும் உருவிவிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். டீலக்ஸ் ரிவெர்பில் வரும் 4ஏபி3சி1பி வகை டேங்கில், உள்ளே போகும் ஜாக் சுமார் 1 ஓம், வெளிவரும் ஜாக் சுமார் 200 ஓம் காட்டும். மீட்டர் ஒயருக்கே அரை ஓம் வரை இருக்கலாம்; இரண்டு முனையையும் தொட வைத்துப் பார்த்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள். முள் நகரவே இல்லை அல்லது திரையில் ‘ஓஎல்’ என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. உடனே புது டேங்க் வாங்க ஓடாதீர்கள். டேங்கைக் கவிழ்த்து, காயிலிலிருந்து ஜாக்குக்குப் போகும் மெல்லிய ஒயரைப் பாருங்கள். அது ஜாக்கில் சேரும் இடத்தில்தான் அதிகமும் அறுகிறது. ஒரு துளி சால்டரில் முடிந்துவிடும்.

போகிற பாதியை எளிதாகச் சோதிக்க எனக்குப் பிடித்த வழி ஒன்று. பழைய 8 ஓம் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை எடுத்து, டேங்குக்குப் போகும் கேபிளின் நடு நுனியையும் வெளிவளையத்தையும் அதன் இரண்டு முனைகளோடு கிளிப் போட்டு இணையுங்கள். வால்யூமை 3இல் வைத்து கிட்டார் வாசித்தால், அந்த ஸ்பீக்கரில் மெலிந்த, கீச்சென்ற கிட்டார் ஒலி கேட்கும். கேட்டால் வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், கேபிள் மூன்றும் நலம். டேங்கின் உள்ளே போகும் காயிலைப் பாருங்கள்.

கேட்கவில்லையா? இப்போதுதான் வால்வு. பின்னாலிருந்து பார்த்தால் வலமிருந்து மூன்றாவது, ரிவெர்பை ஓட்டும் 12ஏடி7. ஆறாவதும் 12ஏடி7தான், ஆம்பை அணைத்து, சூடு ஆறியதும் இரண்டையும் இடம் மாற்றுங்கள். காசு செலவில்லாமல் விடை தெரியும். மூன்றாவது இடத்தில் 12ஏஎக்ஸ்7 போடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரை ஓட்டத் தேவையான கரண்ட் அதனால் வராது. நான்காவது வால்வான 12ஏஎக்ஸ்7இன் ஒரு பாதி திரும்பும் ரிவெர்புக்கு, மறுபாதி வைப்ராட்டோ சேனலின் ஒலிக்கே. ஆகவே சேனல் ஒலிக்கிறது என்பதற்காக அந்த வால்வை நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம்.

கோளாறு வால்விலும் இல்லை என்றால் சேசிஸை, அதாவது சர்க்யூட் இருக்கும் உலோகப் பெட்டியை, திறக்க வேண்டும். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும். அதை இறக்கத் தெரியாதவர்கள் இங்கேயே நிறுத்தி, தெரிந்தவரிடம் கொடுங்கள். தெரிந்தவர்கள் 12ஏடி7இன் கேத்தோடில் அளக்கலாம்: 8, 9 வோல்ட் வர வேண்டும். 0 என்றால் ப்ளேட்டில் பாருங்கள். அங்கேயும் வோல்டேஜ் இல்லையென்றால் ரிவெர்ப் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி அறுந்திருக்கிறது.

ரிவெர்ப் வருகிறது, கூடவே ஹம்மும் வருகிறது என்பது வேறு கதை. டேங்கின் வெளிவரும் காயில் பக்கத்து மின்காந்தத்தை எல்லாம் உறிஞ்சும். அதனால் அந்த முனை ஆம்பின் பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிர்ப் பக்கம் இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் ஆம்பை நம் ஊர் 230இல் ஓட்டுகிறவர்கள் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரைப் பெரும்பாலும் ஆம்பின் காலடியிலேயே வைக்கிறார்கள். டேங்கும் பெட்டியின் அடியில்தான் கிடக்கிறது. ஸ்டெப்-டவுனை ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். பாதிப் பேருக்கு ஹம் அங்கேயே போய்விடும். அந்த ஸ்டெப்-டவுனில் மூன்றாவது பின், அதாவது எர்த், உண்மையாகவே ஆம்ப் வரை போகிறதா என்றும் அளந்துவிடுங்கள். இது ரிவெர்புக்காக இல்லை, உங்கள் உயிருக்காக. நான் மேலே சொன்ன தொடும் சோதனை எதையும் எர்த் இல்லாத ஆம்பில் செய்யாதீர்கள்.

ரிவெர்பை ஏற்றினால் ஊளையிடுகிறது என்றால் டேங்கைப் போட்டு வைத்திருக்கும் பையைப் பிரியுங்கள். உள்ளே தட்டு நான்கு குட்டி ஸ்பிரிங்கில் தொங்க வேண்டும். ஒன்று கழன்றிருந்தாலும் பெட்டியின் அதிர்வு நேராக ஏறும். பைக்கு அடியில் இருக்கும் அட்டை மக்கிப்போயிருந்தால் மாற்றுங்கள். அதன் பிறகும் ஊளையிட்டால், நான்காவது வால்வைப் பென்சிலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ‘டிங்’ என்று ஸ்பீக்கரில் கேட்டால் அதை மாற்ற வேண்டியதுதான்.

புது டேங்க் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், எண்ணை முழுதாக ஒப்பிட்டு வாங்குங்கள். 4ஏபி3சி1பியில் ‘ஏ’ என்பது 8 ஓம் உள்ளீடு. வேறு எழுத்துள்ள டேங்கும் அதே 17 அங்குல நீளத்தில், அதே ஜாக்கோடு வரும், அழகாகப் பொருந்தும், ஆனால் ரிவெர்ப் மெலிந்துதான் கேட்கும். கடைசி ‘பி’ திறந்த பக்கம் கீழே பார்க்க வேண்டும் என்பதற்கு. மாட்டும்போது ஆம்பில் ‘அவுட்புட்’ என்று எழுதிய ஜாக்கிலிருந்து டேங்கின் ‘இன்புட்’டுக்கு ஒயர் போக வேண்டும், பெயரைப் பார்த்து அவுட்டை அவுட்டோடு சேர்த்துவிடாதீர்கள்.