அப்பாவின் காரை விற்கும்போது பிள்ளைகள் செய்யும் தவறுகள்

பழைய கார் வியாபாரத்தில் விற்பவருக்குத்தான் விவரம் அதிகம், வாங்குபவர்தான் ஏமாறுவார் என்பது பொதுவான எண்ணம். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970 இல் இதை வைத்தே ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். 2001 இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். காரின் குறை ஓட்டியவருக்குத் தெரியும், வாங்க வருபவருக்குத் தெரியாது என்பதுதான் அந்த வாதத்தின் அடிப்படை. ஆனால் எழுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர் தன் காரை விற்க உட்காரும்போது இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. காரைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். அது இன்றைக்கு என்ன விலை போகும் என்பது எதிரில் நிற்பவருக்குத்தான் தெரியும். பெரியவர் கடைசியாகக் கார் விற்றுப் பல வருடம் ஆகியிருக்கும். வியாபாரி நேற்றுகூட ஒன்று வாங்கியிருப்பார்.

போதாததற்கு, வயதானவர்கள் காரை விற்கும் சூழலும் பெரும்பாலும் நல்லதாக இருப்பதில்லை. பார்வை மங்கிவிட்டது, துணை போய்விட்டார், வீட்டைக் காலி செய்துகொண்டு பிள்ளையோடு போய் இருக்கப் போகிறார். வண்டி போனால் போதும் என்ற மனநிலை. அப்புறம் மரியாதை வேறு. வீடு தேடி வந்து ஒரு மணி நேரம் பேசியவரை வெறுங்கையோடு அனுப்ப அந்தத் தலைமுறைக்கு மனம் வராது. ஏமாற்ற வருபவர்கள் இதைத்தான் நம்பி வருகிறார்கள்.

வீட்டில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? விலையைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறார்கள். விலையில் கொஞ்சம் குறைந்தால் அது ஒரு நஷ்டம், அவ்வளவுதான். காரும் போய்ப் பணமும் வராமல் போவது, விற்ற காருக்கு மாதக்கணக்கில் அபராத ரசீது வந்துகொண்டே இருப்பது போன்ற பெரிய அடிகள் எல்லாம் விலை பேசி முடித்த பிறகுதான் விழுகின்றன. எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுகிற நேரம் அது.

"நீங்க சும்மா இருங்க, நாங்க பார்த்துக்கிறோம்"

அக்கறையில் வரும் பேச்சுதான். ஆனால் கார் அவர் பெயரில் இருக்கிறது. கையெழுத்தும் அவருடையதுதான் வேண்டும். ஒதுக்கி வைக்கப்பட்டவர், அடுத்த முறை யாராவது தொலைபேசியில் கூப்பிட்டால் உங்களிடம் சொல்லாமலே பேசி முடிக்க வாய்ப்பு அதிகம். வேலையைப் பிரித்துக்கொள்வது நல்லது. எந்த விலைக்குக் கீழே விற்பதில்லை, யாருக்கு விற்பது என்பதெல்லாம் அவர் முடிவு. விசாரிப்பது, காகிதம் சரிபார்ப்பது, பணம் வந்ததா என்று பார்ப்பது உங்கள் வேலை. "என் மகளைக் கேட்காமல் எதுவும் முடிவு செய்ய மாட்டேன்" என்ற ஒரு வாக்கியம் அவர் கையில் இருந்தால், நெருக்குபவரிடமிருந்து தப்பிக்க மரியாதையான வழி கிடைத்துவிடும். உண்மையிலேயே கேட்கிறாரா இல்லையா என்பது வேறு விஷயம்.

நினைவு தடுமாறத் தொடங்கியவர் என்றால் இன்னும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். அவர் சார்பாகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரத்தை, அவருக்குப் புரிந்து சம்மதிக்கும் தெளிவு இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். அந்தத் தெளிவு போன பிறகு நீதிமன்றம் வரை அலைய வேண்டியிருக்கும். அதேபோல கார் இறந்துபோன துணையின் பெயரில் இருந்தால், வாரிசுக்கான ஆவணங்களை முடிக்காமல் விளம்பரமே கொடுக்கக் கூடாது. "பேப்பர் சிக்கல் இருக்கு, அதனால பாதி விலைதான்" என்று சொல்ல ஆள் காத்துக்கொண்டிருக்கும்.

விலை தெரியாமல் முதல் போனை எடுப்பது

முதலில் காதில் விழும் எண் மனதில் ஆணியடித்தது போல நின்றுவிடும். அந்த எண்ணை வாங்க வந்தவர் சொல்ல விட்டுவிட்டால், பிறகு எவ்வளவு பேசினாலும் அதைச் சுற்றியேதான் பேரம் ஓடும். அதனால் யாரும் வருவதற்கு முன்பே வீட்டில் ஒரு விலை வரம்பு முடிவாகியிருக்க வேண்டும். அதே மாடல், அதே வகை, அதே வருடம், ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய வண்டிகளைப் பாருங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலையும் உண்மையில் கைமாறும் விலையும் ஒன்றல்ல என்பதை மறக்க வேண்டாம். வியாபாரி தரும் விலை நேரடியாக வாங்குபவர் தருவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அவருக்கும் லாபம் வேண்டுமே. அது அநியாயம் இல்லை. தனியாக இருக்கும் ஒருவர் வீட்டுக்கு அந்நியர்கள் வந்துபோவதைவிட, கொஞ்சம் குறைந்த விலைக்கு நம்பகமான நிறுவனத்திடம் கொடுப்பதே மேல் என்பது என் கட்சி. ஆனால் இரண்டு மூன்று இடங்களிலாவது கேட்டுவிட்டு.

பெரியவர்களின் கார்களுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. ஒரே உரிமையாளர், குறைவான ஓட்டம், ஒழுங்கான சர்வீஸ் ரசீதுகள். இதையே "ரொம்ப நாள் நின்ன வண்டி" என்று குறையாக மாற்றிப் பேசுவார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. நின்றே கிடக்கும் காரில் பேட்டரி இறங்கும், டயர் முதிரும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. இப்படிப்பட்டதை முன்கூட்டியே பார்த்து வைத்தால், வருபவர் சொல்லும் குறையில் எது நிஜம், எது நடிப்பு என்று பிரித்துக்கொள்ளலாம். விற்பதற்கு முன் பெரிய ரிப்பேர் எதுவும் செய்யாதீர்கள். போட்ட பணம் அப்படியே திரும்பி வருவது அபூர்வம். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் காட்டி, நிலையை எழுத்தில் வாங்கி வைத்தால் போதும்.

பார்க்க வருபவர்களைத் தனியாக எதிர்கொள்ள விடுவது

இரண்டு பேராக வருவார்கள். ஒருவர் பெரியவரிடம் குடும்ப விஷயம் பேசிக்கொண்டிருப்பார். இன்னொருவர் பானட்டைத் திறந்து குனிந்துகொண்டிருப்பார். சிறிது நேரத்தில் "ஐயா, கூலன்ட்டில் எண்ணெய் கலந்திருக்கு, எஞ்சின் போச்சு" என்று காட்டுவார்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் அந்தத் திரவத்தில் எண்ணெய் உண்மையாகவே மிதக்கும். அதை ஊற்றியது அந்த இரண்டாவது ஆள். பல நாடுகளில் பதிவான தந்திரம் இது. கையில் மெக்கானிக்கின் அறிக்கை இருந்தால், "சரி, அவரையே கூப்பிட்டுக் கேட்போம்" என்று சொல்லலாம். பெரும்பாலும் அதோடு கிளம்பிவிடுவார்கள். வாங்க வருபவர் எத்தனை பேரோ, அதற்குக் குறையாமல் வீட்டுப் பக்கமும் ஆள் இருக்க வேண்டும். அது முடியாதென்றால் வீட்டில் காட்டவே வேண்டாம். ஆள் நடமாட்டமும் கேமராவும் உள்ள பொது இடத்துக்குக் காரைக் கொண்டுபோய்க் காட்டலாம்.

ஓட்டிப் பார்க்கக் கொடுப்பதற்கு முன் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சாவியும் கார் சாவியும் ஒரே வளையத்தில் இருந்தால் முதலில் பிரித்துவிடுங்கள். இரண்டாவது சாவி மேசைமேல் கிடக்க வேண்டாம். விளம்பரத்தில் வீட்டு எண் தெரியும் படமோ பதிவு ஆவணத்தின் படமோ வேண்டாம். "தனியாக இருக்கும் தாயாரின் கார்" என்ற வாசகம் அதைவிட மோசம்.

இணையத்தில் கார் விற்க வைத்தால் வேறு வகை ஆட்களும் வருவார்கள். "நீங்கள் உண்மையான ஆள்தானா என்று பார்க்க ஓர் எண் அனுப்பியிருக்கிறேன், அதைச் சொல்லுங்கள்" என்பார்கள். அந்த எண் பெரியவரின் ஏதோ ஒரு கணக்குக்குள் நுழையும் ஓடிபி. இன்னொருவர், குறிப்பிட்ட ஓர் இணையதளத்தில் கட்டணம் கட்டி வாகன வரலாற்று அறிக்கை எடுத்துத் தந்தால்தான் வாங்குவேன் என்பார். அந்தத் தளமே அட்டை விவரங்களைத் திருட வைத்ததாக இருக்கும்.

பேசி முடித்த பிறகு கவனத்தைத் தளர்த்துவது

இனி நான் மேலே சொன்ன அந்த நேரம். விலை முடிவாகிவிட்டது, கை குலுக்கியாயிற்று. அதற்கப்புறம் மெதுவாக ஆரம்பிப்பார்கள்.

முதல் வகை, விலையை மறுபடி குறைப்பது. இணையத்தில் ஒரு நல்ல விலை காட்டுவார்கள். அது நேரில் பார்த்த பிறகு மாறக்கூடியது என்று எங்கோ சின்ன எழுத்தில் இருக்கும். காரை ஒப்படைக்கும் அன்று ஆள் வந்து, இந்தக் கீறலுக்கு இவ்வளவு, அந்தக் கண்ணாடிக்கு இவ்வளவு என்று கழிப்பார். அன்றைக்குக் காரை விட்டுத் தலைமுழுக வேண்டும் என்று இருப்பவர் ஒத்துக்கொள்வார். நியாயமான கழிவும் இருக்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு குறைக்கும் படத்தோடு எழுத்தில் கேட்டு, ஒரு நாள் அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள். "நாளைக்கு இந்த விலை இருக்காது" என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பணம் வந்ததாகத் தோன்றுவது. பரிமாற்றம் முடிந்ததாக ஒரு ஸ்கிரீன்ஷாட் காட்டுவார்கள், வங்கியிலிருந்து வந்தது போலவே ஒரு குறுஞ்செய்தியும் வரும். இரண்டையும் போலியாகச் செய்வது எளிது. பெரியவரின் சொந்த வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பைப் பார்க்காமல் சாவி கை மாறக் கூடாது. காசோலை இன்னும் ஆபத்து. கணக்கில் தொகை ஏறியது போலக் காட்டிவிட்டு, காசோலை போலி என்று தெரிந்ததும் வங்கி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். சில நேரம் வாரங்கள் கழித்தும் இது நடக்கிறது. இதையே பயன்படுத்தி, பேசிய விலையைவிட அதிகத் தொகைக்குக் காசோலை கொடுத்து, "மீதியைக் கார் ஏற்றிச் செல்லும் லாரிக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்" என்பார்கள். மீதி என்று போனது பெரியவரின் சொந்தப் பணம். கூடுதலாகப் பணம் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணோ கடவுச்சொல்லோ தேவையில்லை என்பதையும் பெரியவருக்கு முன்பே சொல்லி வையுங்கள். ரொக்கம் என்றால் வங்கியிலேயே எண்ணிக் கட்டிவிடுவது நல்லது.

மூன்றாவது, காகிதம். பெயர், தேதி, தொகை எதுவும் நிரப்பாத படிவத்தில் கையெழுத்து வாங்கிப் போவது பழைய கார் வியாபாரத்தில் பல இடங்களில் சகஜம். வியாபாரி தன் பெயருக்கு மாற்றாமல் அப்படியே அடுத்தவருக்கு விற்பதற்காகச் செய்வது அது. அதுவரை சட்டப்படி உரிமையாளர் நம் பெரியவர்தான். வேக அபராதம், சுங்கக் கட்டணம், அதைவிட மோசமாக ஒரு விபத்து நடந்தால் முதல் கேள்வி அவரிடம்தான் வரும். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். எந்தப் படிவத்தை யார், எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று வாகனப் பதிவு அலுவலகத்தில் நீங்களே கேளுங்கள். விற்றதைத் தெரிவிக்கும் வேலையை வாங்கியவரிடம் ஒப்படைக்காதீர்கள். விற்பனை ரசீதில் தேதியோடு மணி, நிமிடமும், ஓடிய கிலோமீட்டரும், வாங்குபவரின் அடையாள விவரமும், தற்போதைய நிலையிலேயே விற்கப்படுகிறது என்ற வரியும் இருக்கட்டும். இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒரு பிரதி. காப்பீட்டைப் பெயர் மாற்றம் முடிவதற்குள் ரத்து செய்யாதீர்கள். காரின் திரையில் சேர்ந்திருக்கும் தொலைபேசித் தொடர்புகளையும் வீட்டு முகவரியையும் அழித்துவிடுங்கள்.

வெளியார் மட்டுமே ஏமாற்றுவார் என்று நம்புவது

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பல வருடமாகச் சர்வீஸ் பார்க்கும் மெக்கானிக், பக்கத்து வீட்டுக்காரர், அண்ணன் மகன் எல்லோரும் "நானே எடுத்துக்கிறேன், மாமா" என்று ஒரு விலை சொல்வார்கள். பெரியவருக்கு மறுக்க வாய் வராது. பணமும் தவணை தவணையாக வரும், அல்லது வராது. சொந்தக்காரருக்குக் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் வெளியில் கேட்ட விலையைப் பெரியவர் முன்னால் வைத்துவிட்டு, குறைக்க விரும்பினால் அவரே குறைக்கட்டும். இலவசமாகவே கொடுக்கிறார் என்றால் அதை அன்பளிப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். மற்ற பிள்ளைகளுக்கும் தெரியட்டும்.

எல்லாவற்றையும் மீறி ஏமாந்துவிட்டால், பெரும்பாலான பெரியவர்கள் மறைக்கத்தான் பார்ப்பார்கள். இனி வங்கி அட்டையையும் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம். திட்டினால் அடுத்த முறையும் சொல்ல மாட்டார். "கையெழுத்துப் போட்டாலும் சில நாளில் ரத்து செய்யலாமாம்" என்று யாராவது ஆறுதல் சொன்னால் அதை நம்பி உட்காராதீர்கள். அப்படிப்பட்ட உரிமை இருக்கும் இடங்களிலும் அது பொதுவாகப் பொருள் வாங்கும் நுகர்வோருக்கானது. முதல் அழைப்பு வங்கிக்கு, அட்டையின் பின்னால் அச்சிட்ட எண்ணுக்கு. அப்புறம் காவல்துறை, பிறகு வாகனப் பதிவு அலுவலகம். குறுஞ்செய்திகள், விளம்பரப் படம், வந்தவரின் தொலைபேசி எண் எதையும் அழிக்க வேண்டாம். பெரியவர் சொல்லச் சொல்ல, நடந்ததை நேர வரிசையில் அன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் போனால் விவரம் மங்கிவிடும். கொஞ்ச நாளில் "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று ஒருவர் கூப்பிடக்கூடும். ஏமாந்தவர்களின் எண்கள் கைமாறி விற்கப்படுகின்றன. கூப்பிடுபவர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவராகவே இருக்கலாம்.