காலையில் மட்டும் நெட்வொர்க் கிடைக்கவில்லையா? நெட்வொர்க் ஸ்விட்சின் போர்ட்டில் செய்யக் கூடாதவை

சேலத்தில் வேலை பழக வரும் இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே குழியில் விழுகிறார்கள். புகாரும் மாறுவதில்லை: "காலையில் கணினியைப் போட்டால் சர்வர் கிடைப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது." கேபிள் கழன்றிருக்கிறதா என்று பார்ப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தாண்டி நடக்கும் தவறுகள்தான் இவை.

நெட்வொர்க் கார்டை மாற்றுவது

மாற்றாதீர்கள். 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால், கணினிகளுக்கு முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சர்வரின் பதில் கணினிக்கு வந்து சேரவில்லை என்று மட்டுமே பொருள்.

ஸ்பானிங் ட்ரீயை அணைத்துவிடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஸ்விட்ச் என்பது பல கணினிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டி, அதில் கேபிள் செருகும் துளைதான் போர்ட். ஒரு போர்ட் உயிர் பெற்றதும், அந்த இணைப்பால் வளையம் (தரவு சுற்றிச் சுற்றித் திரும்பி வரும் பாதை) உண்டாகிறதா என்று ஸ்விட்ச் முதலில் சோதிக்கிறது. இந்த ஏற்பாட்டின் பெயர்தான் ஸ்பானிங் ட்ரீ. கேட்பதற்கு 15 விநாடி, கற்பதற்கு 15 விநாடி. இந்த 30 விநாடியும் கணினியின் தரவு எதுவும் அந்தப் போர்ட்டைக் கடக்காது. சிஸ்கோவின் பல ஸ்விட்ச்களில் போர்ட் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் நின்று பிறகு பச்சைக்கு மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பழைய ஹார்ட் டிஸ்க் கணினிகள் மெதுவாக எழுந்ததால் இந்தத் தாமதம் வெளியே தெரியவில்லை. எஸ்.எஸ்.டி. கணினியோ அதற்குள் உள்நுழைவுத் திரைக்கே வந்து, முகவரி கேட்டு, பதில் வராமல் நின்றுவிடுகிறது. நெட்வொர்க் வழியாக விண்டோஸ் நிறுவும்போது நிலைமை இன்னும் மோசம். நடுவில் கார்டின் இணைப்பு ஒரு முறை அறுந்து மீண்டால் 30 விநாடியும் முதலிலிருந்து தொடங்கும்.

சந்தேகமிருந்தால் கணினிக்கும் சுவர் இணைப்புக்கும் நடுவே சாதாரணச் சின்ன ஸ்விட்ச் ஒன்றை வைத்துப் பாருங்கள். கணினியை அணைத்துப் போட்டாலும் பெரிய ஸ்விட்சின் போர்ட் விழாது. அப்போது கோளாறு மறைந்தால் காரணம் இந்தத் தாமதம்தான்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்த வியாபார அலுவலகத்தில், புதிதாக வந்த பையன் இதை மிகச் சரியாகக் கண்டுபிடித்தான். கண்டுபிடித்த கையோடு ஸ்பானிங் ட்ரீயையே முழுக்க அணைத்துவிட்டான். புகார் நின்றது, பாராட்டும் கிடைத்தது. சில மாதங்கள் கழித்து மேசைகளை இடம் மாற்றிய ஒருவர், தொங்கிக்கொண்டிருந்த கேபிள் முனையை அதே ஸ்விட்சின் இன்னொரு போர்ட்டில் செருகிவிட்டார். ஈதர்நெட் சட்டகத்துக்கு, அதாவது கேபிளில் ஓடும் தரவுப் பொட்டலத்துக்கு, ஆயுள் வரம்பு கிடையாது. வளையத்துக்குள் போனது சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் படபடவென்று துடித்தன. பில் போட முடியாமல் வாசலில் லாரிகள் நின்றன. நான் போய் அந்தக் கேபிளைப் பிடுங்கும்வரை ஒரு சிப்பம்கூட வெளியே போகவில்லை.

செய்ய வேண்டியது மிகச் சிறியது. கணினி இருக்கும் போர்ட்டை மட்டும் விளிம்புப் போர்ட் (அந்த 30 விநாடி காத்திராமல் உடனே திறக்கும் போர்ட்) என்று அறிவியுங்கள். சிஸ்கோவில் அதன் பெயர் போர்ட்ஃபாஸ்ட். கூடவே பி.பி.டி.யு. கார்டு (BPDU Guard) என்ற காவல் அமைப்பையும் போட்டுவிடுங்கள், யாராவது அங்கே ஸ்பானிங் ட்ரீ பேசும் ஸ்விட்ச் ஒன்றைச் செருகினால் போர்ட் தானே மூடிக்கொள்ளும்.

"எங்களிடம் ஆர்.எஸ்.டி.பி. இருக்கிறதே"

ஆர்.எஸ்.டி.பி. என்பது ஸ்பானிங் ட்ரீயின் வேகமான வடிவம். ஆனால் அதன் வேகம் ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் இடையில்தான். கணினி அந்த மொழியில் பதில் சொல்லாது. விளிம்பு என்று குறிக்காத போர்ட்டில் பல ஸ்விட்ச்கள் பழைய 30 விநாடியைத்தான் காத்திருக்கும்.

ஸ்விட்ச்களை இணைக்கும் போர்ட்டிலும் போர்ட்ஃபாஸ்ட்

கூடவே கூடாது.

வேகத்தை ஒரு பக்கம் மட்டும் கட்டிப்போடுவது

ஸ்விட்சில் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியும் முறை) என்று பூட்டிவிட்டுக் கணினியை ஆட்டோவில் (தானே தேர்ந்துகொள்ளும் முறையில்) விட்டால், கணினி ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்) இறங்கிவிடும். பிங் (இணைப்பைச் சோதிக்கும் சின்னத் தகவல்) போகும், கோப்பு நகராது, உள்நுழைவு இழுக்கும். ஸ்விட்ச் போர்ட்டில் சி.ஆர்.சி. பிழை (சிதைந்து வந்த சட்டகங்கள்) எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஆட்டோ இருக்கட்டும்.

ஸ்விட்சில் மாற்றியதைச் சேமிக்காமல் எழுந்துபோவது

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நின்று, யு.பி.எஸ். பேட்டரியும் தீர்ந்துவிட்டால், நீங்கள் மாற்றிய அத்தனையும் போய்விடும். மறுநாள் காலையில் அதே புகாரோடு போன் வரும்.