வினையைக் கடைசிக்குத் தள்ளும் 'வைல்'

தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் நின்றபடிதான் ஜெர்மன் இணைப்புச் சொற்களைப் படித்தேன். உண்ட் (மற்றும்), ஆபர் (ஆனால்), ஓடர் (அல்லது), டென் (ஏனென்றால்), சோண்டர்ன் (மாறாக) ஐந்தும் சாதுக்கள். பின்னால் வரும் வாக்கியத்தைக் கலைப்பதில்லை. 'டென் இஷ் பின் கிராங்க்': ஏனென்றால் எனக்கு உடம்பு சரியில்லை. அதையே, அதே பொருள் தரும் 'வைல்' போட்டுச் சொன்னால் 'பின்' என்ற வினை கடைசிக்கு ஓடிவிடும்: 'வைல் இஷ் கிராங்க் பின்'.

இதற்கா பயம்? தமிழில் வினை கடைசியில்தானே உட்காருகிறது! 'உடம்பு சரியில்லாமல் இருப்பதால்' என்று மனத்தில் சொல்லுங்கள். அந்த 'இருப்பதால்' நிற்கும் இடம்தான் 'பின்' நிற்கும் இடம். டாஸ் (என்று), வென் (என்றால்), ஓப்வோல் (இருந்தாலும்) மூன்றுக்கும் இதே குணம்.

'டெஸ்ஹால்ப்' மட்டும் என் மதிப்பெண்ணைத் தின்றது. அதை ஒட்டியே வினை வர வேண்டும்: 'டெஸ்ஹால்ப் ப்ளைபெ இஷ் த்சு ஹவுஸெ', அதனால் வீட்டிலேயே இருக்கிறேன். நான் 'ப்ளைபெ' என்ற வினைக்கு முன்னால் 'இஷ்'ஷை ('நான்') எழுதிவிட்டேன். சிவப்பு மையில் ஒரு வட்டம்.