கட்டம் போட்டு உங்கள் முகத்தை வாட்டர்கலரில் வரைவது எப்படி?

முகம் வரையும்போது சாயல் தவறிப்போனால் பலரும் வண்ணத்தைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கண் அரை சென்டிமீட்டர் மேலே ஏறியிருக்கும், அல்லது மூக்கு நீண்டிருக்கும். அந்த அளவுச் சிக்கலைக் கட்டம் தீர்த்துவிடும். ஆனால் பென்சில் கோட்டின் மேல் வண்ணம் காய்ந்துவிட்டால் அதை அழிப்பது மிகவும் கடினம். அதனால் கட்டத்தை வாட்டர்கலர் பேப்பரில் போடாமல், தனியாக ஒரு சாதாரணத் தாளில் போட்டு வரைந்து, முகக்கோடுகளை மட்டும் மாற்றிக்கொள்வதே நல்லது.

புகைப்படம்

ஜன்னலோரமாக, ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், அது நிழல்களை அழித்து முகத்தைத் தட்டையாக்கிவிடும். கை நீட்டி எடுக்கும் செல்ஃபியும் சரிவராது. கேமரா மிக அருகில் இருப்பதால் மூக்கு பெருத்து, காதுகள் சிறுத்துத் தெரியும். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி, கண் மட்டத்தில் கேமராவை வைத்து, டைமரில் எடுங்கள். வாய் மூடியிருக்கட்டும், முதல் படத்திலேயே பற்களோடு போராட வேண்டாம். 12 × 16 செ.மீ. அளவில் கலரில் ஒன்றும் கறுப்பு வெள்ளையில் ஒன்றுமாகப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

பொருட்கள்

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) கோல்ட் பிரஸ்டு (லேசான சொரசொரப்புள்ள) வாட்டர்கலர் பேப்பர், முடிந்தால் முழுப் பருத்தி. 10, 6, 2 எண் ரவுண்ட் பிரஷ்கள். வண்ணங்களில் எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரைன் ப்ளூ, பர்ன்ட் அம்பர். வெள்ளையும் கறுப்பும் தேவையில்லை. தண்ணீருக்கு இரண்டு கிண்ணங்கள், ஒன்று பிரஷ் கழுவ, மற்றொன்று வண்ணம் கலக்க.

கட்டமும் கோடும்

கலர் பிரிண்ட்டில் 2 செ.மீ. கட்டங்கள் போடுங்கள்: குறுக்கே 6, கீழே 8, மொத்தம் 48. சாதாரணத் தாளில் 24 × 32 செ.மீ. செவ்வகம் வரைந்து அதை 4 செ.மீ. கட்டங்களாகப் பிரியுங்கள். படம் சரியாக இருமடங்காகும். இரண்டிலும் மேலே எழுத்து, பக்கவாட்டில் எண் குறித்துவிட்டால் கட்டம் மாறிப்போகாது. கண்ணும் வாயும் வரும் கட்டங்களை மட்டும் மேலும் நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது 'கண்ணை வரைகிறேன்' என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். தாடைக்கோடு இந்தக் கட்டத்தின் இடது விளிம்பை எந்த இடத்தில் வெட்டுகிறது? பாதியிலா, மூன்றில் ஒரு பங்கிலா? அங்கே ஒரு புள்ளி. வெளியேறும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் இணையுங்கள். நிழல் முடியும் எல்லையையும் இப்படியே மெல்லிய கோடாகக் குறியுங்கள். பின்னால் வண்ணம் பூசும்போது அதுதான் வழிகாட்டும். முடிந்ததும் படத்தையும் தாளையும் தலைகீழாக வைத்து ஒப்பிட்டால் தவறு உடனே கண்ணில் படும்.

தாளின் பின்புறம் 2பி பென்சிலைத் தேய்த்து, வாட்டர்கலர் பேப்பர் மேல் வைத்து, முகக்கோடுகளை மட்டும் அழுத்தாமல் ஓட்டுங்கள். கார்பன் பேப்பர் வேண்டாம். அதன் மெழுகுக் கோடு அழியாது, வண்ணத்தையும் தள்ளும். பதிந்த கோடுகளை மென்மையான ரப்பரால் ஒற்றி மங்கலாக்குங்கள்.

வண்ணம்

பேப்பரின் நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். முதல் பூச்சு ஓக்கரும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தது. நிறம் வெளிர வேண்டுமானால் தண்ணீரைக் கூட்டுங்கள். அடர்த்தியாக வேண்டுமானால் சியன்னாவையும் அம்பரையும் கூட்டுங்கள். அதே பேப்பரின் துண்டில் பூசிக் காயவிட்டுப் பாருங்கள். காய்ந்தபின் வாட்டர்கலர் வெளுத்துவிடும் என்பதால் ஒரு படி அடர்த்தியாகவே கலக்க வேண்டும். கண்மணி, மூக்குநுனி, கீழுதடு ஆகியவற்றின் மினுக்கை மட்டும் வெள்ளையாக விட்டு, கழுத்து உட்பட முழு முகத்தையும் ஒரே மூச்சில் பூசுங்கள். ஈரம் இருக்கும்போதே கன்னத்திலும் காதிலும் துளி கிரிம்சன்.

பிறகு கை வைக்காதீர்கள். தொடக்கநிலையில் கெடும் படங்களில் பல கெடுவது இங்கேதான். பாதி காய்ந்த பூச்சின் மேல் அதைவிட ஈரமான பிரஷ் பட்டால், அந்தத் தண்ணீர் வண்ணத்துகள்களை ஓரத்துக்குத் தள்ளி, காலிஃபிளவர் போன்ற கறையை உண்டாக்கும். புறங்கையால் லேசாகத் தொட்டுப் பாருங்கள்; குளிர்ச்சியாக இருந்தால் ஈரம் இன்னும் போகவில்லை.

இரண்டாம் பூச்சுக்கு சியன்னாவோடு அல்ட்ராமரைன். கண்குழி, மூக்கின் பக்கவாட்டு, கன்னம், தாடையின் அடி என நிழல்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல், தொடர்ந்து ஓடும் ஒரே வடிவமாகப் பூசுங்கள். ஓர் ஓரத்தைக் கூர்மையாக விட்டு, மறு ஓரத்தை ஈரப் பிரஷ்ஷால் கரைத்துவிடுங்கள். பிரஷ்ஷில் தண்ணீர் சொட்டக் கூடாது.

கடைசியாகத்தான் 2 எண் பிரஷ். விழிவெண்மைக்கு மேல் இமையின் நிழலாக மெல்லிய சாம்பல். மூக்குத் துவாரத்துக்குக் கறுப்பல்ல, அடர்பழுப்பு. தலைமுடியை முதலில் ஒரே திரளாகப் பூசி, ஓரங்களில் மட்டும் சில இழைகள் இழுங்கள். எங்காவது கறுத்துவிட்டால் நனைத்து, சற்றுப் பொறுத்து, டிஷ்யூவால் ஒற்றுங்கள். அலிசரின் கிரிம்சன் மட்டும் கறை பிடிப்பதால் முழுதாக நீங்காது. மீண்டும் மீண்டும் தேய்த்தால் பேப்பரின் நார் கிளம்பி, அதன்பின் எந்தப் பூச்சும் திட்டுத்திட்டாகவே நிற்கும்.

இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கறுப்பு வெள்ளைப் பிரிண்ட்டோடு ஒப்பிடுங்கள். படம் சோகையாகத் தெரிந்தால் தாடையின் அடியிலும் முடித்திரளிலும் இன்னொரு பூச்சு கொடுங்கள். நன்றாகக் காய்ந்தபின், டேப்பை படத்துக்கு வெளிப்புறமாகச் சாய்த்து மெதுவாக உரியுங்கள்.