ஜிஞ்சர் லில்லி இலை நுனி கருகியது: கடைசியில் காரணம் தண்ணீர்

கோவை வீட்டில் தொட்டியில் வைத்த வெள்ளை ஜிஞ்சர் லில்லி (மலையாளிகள் கல்யாண சௌகந்திகம் என்பார்களே, அதுதான்) மூன்றடி வளர்ந்த பிறகு இலை நுனியும் ஓரமும் பழுப்பாகிக் காகிதம் மாதிரி காய ஆரம்பித்தது. இலையின் நடுப்பகுதி பச்சையாகவே இருந்தது.

முதலில் வெயில் என்று நினைத்து மதிய வெயில் படாத இடத்துக்கு நகர்த்தினேன். மாற்றமில்லை. அப்புறம் வேப்பெண்ணெய் தெளித்தேன், அதுவும் பலிக்காமல் ஒரு கை உரம். உரம் போட்டதும் இன்னும் மோசம். காய்ந்த நுனியோடு தண்டின் தலையையும் வெட்டிவிட்டேன், அது சுத்த முட்டாள்தனம், ஏனென்றால் பூங்கொத்து தண்டின் உச்சியில்தான் வரும், வெட்டிய தண்டு திரும்பப் பூக்காது.

ஒருநாள் தொட்டி விளிம்பைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன்: மண்ணை ஒட்டி உள்பக்கம் சுற்றிலும் வெள்ளையாகப் பொருக்கு, நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. உப்பு. தண்ணீர் வீணாகக் கூடாதென்று ஆர்ஓ மெஷினில் கழியும் தண்ணீரைப் பிடித்து அந்த ஒரு தொட்டிக்கு மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தேன். போர் தண்ணீரில் இருக்கிற உப்பெல்லாம் அதில்தானே சேர்கிறது!

அதை நிறுத்திவிட்டு, பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரை அடித்துளை வழியாக வடிய வடிய மூன்று தடவை ஊற்றினேன், மேல்மண்ணில் இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துப் புது மண்ணும் மக்கிய எருவும் போட்டேன், கிழங்கின் முதுகு லேசாக வெளியே தெரியும்படி. கருகின இலை கருகினதுதான், ஆனால் அடுத்து வந்த இலைகள் நுனிவரை பச்சை. நேற்று புதுத் தண்டில் மொட்டு. அப்பாடா.